சர்க்காரைக் குறை சொன்னால் தேசத் துரோகமா?

(ஜூலை 30 தியாகிகள் தினத்தையொட்டி, சேதராப்பட்டில் நடந்த ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் பொதுக்கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



மேற்கே வானம் கறுத்திருக்கிறது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று தலைவர் என் காதில் சொல்லிவிட்டார். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஜனவரி 26ந் தேதி, குடியரசு தினத்தன்று, இந்தப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கொடி ஏற்றினார்கள். எந்தத் தொழிற்சாலை என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக் காலையில் ஒரு பையனுக்கு வேலை இருக்காது. கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, மேனேஜர் பேசினார். "இந்த நாடு நம்ம எல்லாருடைய நாடு" என்றார். நல்ல பேச்சு. பேசி முடித்து, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். வழக்கமாக யாரும் வாய் திறப்பதில்லை. அன்று ஒரு பையன் திறந்தான். மூன்று வருஷமாகக் காண்ட்ராக்டில் வேலை செய்கிறவன். அதற்கு முந்தின வாரம் அவன் பக்கத்தில் நின்று வேலை செய்த கூட்டாளிக்கு மிஷினில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. சொந்தக் காசில் வைத்தியம். பையன் இதைச் சொல்லி, "இந்த நாட்டுல தொழிலாளி கைக்கு வெலையே இல்லையா சார்?" என்று கேட்டான்.

மேனேஜருக்கு முகம் மாறிவிட்டது. "கொடி ஏத்துன எடத்துல நின்னுக்கிட்டு நாட்டையா கொறை சொல்ற? தேசபக்தி இல்ல உனக்கு?" என்றார். சுற்றியிருந்த சிலர் சிரித்தார்கள். சிலர் மிட்டாய்க் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று இரவு அந்தப் பையன் என்னிடம் வந்தான். வேலை போய்விடுமோ என்று கேட்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் கேட்டது வேறு. "அண்ணே, நான் நாட்டைக் கேவலப்படுத்திட்டேனா? எனக்கே சந்தேகமா இருக்கு" என்றான்.

தோழர்களே, அந்தச் சந்தேகம்தான் எனக்கு வேதனையாக இருந்தது. மேனேஜர் அதட்டுவது புதிதல்ல. அதட்டத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் கூட்டாளியின் விரலுக்காகப் பேசிய ஒருவன், தான் பாவம் செய்துவிட்டோமோ என்று ராத்திரி தூக்கம் வராமல் நடந்து வருகிறான் என்றால், யாரோ வெகுகாலமாக நம் தலைக்குள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சர்க்காரும் நாடும் ஒன்று, முதலாளியும் நாடும் ஒன்று என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள்.

வேறு ஊர்க்காரன் இதை நம்பினால் மன்னிக்கலாம். புதுச்சேரிக்காரன் நம்பலாமா? சேதராப்பட்டுக்காரன் நம்பலாமா?

நம் பாட்டன்மார் காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்த மண்ணில் சர்க்கார் என்றால் பிரெஞ்சு சர்க்கார். மூவர்ணக் கொடிதான் பறந்தது. ஆனால் அது பாரீசின் மூவர்ணம். இங்கிருந்து மயிலம் ரோட்டில் சிறிது தூரம் நடந்தால் வெள்ளைக்காரன் ராஜ்யம். இந்தப் பக்கத்துக்காரனும் அந்தப் பக்கத்துக்காரனும் ஒரே பாஷை பேசினார்கள். பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். 1947ல் அந்தப் பக்கம் சுதந்திரம் வந்தது. இந்தப் பக்கம் வரவில்லை. அப்புறம் நடுவில் சுங்கச் சாவடி வந்தது. 1954 நவம்பர் 1ந் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியது, இந்தியக் கொடி ஏறியது. ஒரே நாளில் சர்க்கார் மாறிவிட்டது. சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16ந் தேதிதான் ஆயிற்று. அது வேறு கதை. நான் கேட்பது இதுதான்: அந்த நவம்பர் முதல் தேதி நம் ஏரி மாறியதா? வயல் மாறியதா? நாற்று நட்ட பெண்களின் கை மாறியதா? ஆலைச் சங்கின் சத்தம் மாறியதா? எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. போனது சர்க்கார். இருந்தது நாடு. இதைக் கண்ணால் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சர்க்கார் வேறு, நாடு வேறு என்பதற்கு நமக்குப் புஸ்தகம் வேண்டியதில்லை.

இனி 1936க்கு வருகிறேன். நாம் இன்று கூடியிருப்பதே அதற்காகத்தான்.

புதுச்சேரி ஆலைகளில் அப்போது பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலை. சங்கம் வைக்க உரிமையில்லை. தோழர் வ. சுப்பையா 1934ல் 'சுதந்திரம்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். தொழிலாளி தன் கஷ்டத்தை அச்செழுத்தில் பார்க்க ஆரம்பித்தான். எட்டு மணி நேர வேலை கேட்டுச் சவானா மில் தொழிலாளர்கள் போராடினார்கள். 1936 ஜூலை 30ந் தேதி பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கி பேசியது. பன்னிரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரும் யார்? அன்றைய சர்க்கார் காகிதத்தின்படி கலகக்காரர்கள். பிரான்சுக்கு நன்றி கெட்டவர்கள். ஆனால் அடுத்த வருஷம், 1937 ஏப்ரலில், அதே பிரெஞ்சு சர்க்கார் எட்டு மணி நேர வேலைக்கும் சங்க உரிமைக்கும் சட்டம் போட்டது. ஜூலையில் துரோகம், ஏப்ரலில் சட்டம்! ஒன்பது மாதத்தில் துரோகம் சட்டமாக மாறிற்று என்றால், அது எந்த நாளும் துரோகமாக இருந்ததில்லை. இன்று எட்டு மணி அடித்ததும் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறவன், தான் யாருடைய ரத்தத்தில் கை கழுவுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். (இப்போது பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரம் திரும்ப வந்துவிட்டதே என்று முன்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுக்கிறார். வாஸ்தவம். அதற்குத்தான் இந்த மனு, கடைசியில் வருகிறேன்.)

சுப்பையாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947ல் பாரீசில் மேல்சபைக்கு இந்தப் பிரெஞ்சு இந்தியாவின் பிரதிநிதியாகப் போனவர். செனட்டர்! பதவி கொடுத்தார்களே, இனி வாயை மூடிக்கொள்வோம் என்று இருந்தாரா? இல்லை. பிரெஞ்சு ஆட்சியையே வெளியேறச் சொன்னார். பிரெஞ்சுக்காரன் கணக்கில் அது துரோகம். நம் கணக்கில் அவர் விடுதலை வீரர். அப்படியானால் தேசபக்தன் யார், துரோகி யார் என்று எழுதும் பேனாவை ஆட்சியில் இருப்பவன் கையில் கொடுத்துவிடலாமா?

இந்தப் பேனா வெள்ளைக்காரன் கையிலும் இருந்தது. 1870ல் ராஜத்துரோகச் சட்டம் என்று ஒன்றைப் பீனல் கோடில் சேர்த்தான்; 124ஏ பிரிவு. அது யார் தலையில் விழுந்தது பாருங்கள். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்று பேசினார்கள். வ.உ.சி. கப்பல் ஓட்டியதை எல்லோரும் சொல்வார்கள்; கூலிக்காரனுக்காகப் பேசியதைச் சொல்ல மாட்டார்கள். மார்ச்சில் கைது. ராஜத்துரோகம்! வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை. அப்பீலில் பிறகு குறைந்தது. கோயமுத்தூர் சிறையில் செக்கு இழுத்தார். அதே வருஷம் பம்பாயில் திலகருக்கு ஆறு வருஷம் தண்டனை. பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைக்குப் போகாமல் பதில் சொன்னார்கள். தூரதேசத்தில் இருந்த லெனின் அந்த வேலைநிறுத்தத்தைக் கவனித்து எழுதினார். படித்தவர்கள் மேடையில் தேசபக்தி பேசிக்கொண்டிருந்த காலத்தில், அதற்காக ஆறு நாள் கூலியை இழந்தவன் மில் தொழிலாளி.

"அதெல்லாம் அந்நியன் காலம். இப்போது நம் சர்க்கார்தானே? நம் சர்க்காரை நாமே திட்டலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் வேண்டும்.

பீகாரில் பரௌனி என்று ஒரு கிராமம். 1953 மே மாதம் அங்கே ஒரு கூட்டம் நடந்தது. இந்தக் கூட்டத்தைப் போலத்தான் இருந்திருக்கும். ஒரு மேடை, கொஞ்சம் விவசாயிகள், ஓரத்தில் குறிப்பெடுக்கும் போலீஸ். கேதார்நாத் சிங் என்பவர் பேசினார். பார்வர்டு கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ஜமீன்தார், முதலாளி, ஆளும் காங்கிரஸ், ரகசியப் போலீஸ் எல்லோரையும் காரசாரமாகத் திட்டினார். அந்தப் பேச்சின் வார்த்தைகளை நான் இங்கே ஆதரிக்க வரவில்லை. கொஞ்சம் அடக்கிப் பேசியிருக்கலாம். சுதந்திரம் வந்து ஆறு வருஷம் ஆகவில்லை. வெள்ளைக்காரன் திலகர் மீது போட்ட அதே 124ஏ பிரிவை நம் சர்க்கார் கேதார்நாத் மீது போட்டது. ஒரு வருஷம் கடுங்காவல். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் 1962 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. சர்க்காரை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் அது ராஜத்துரோகம் ஆகாது. கலவரத்தைத் தூண்டினால், தூண்டும் நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

அதற்கப்புறம் இந்த நாட்டில் ராஜத்துரோகக் கேசில் மாட்டிய ஒவ்வொருவருக்கும் வக்கீல்கள் கேதார்நாத் தீர்ப்பைத்தான் கேடயமாகப் பிடித்தார்கள். ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள்: கேதார்நாத்தின் அப்பீல் தள்ளுபடி! ஊருக்கெல்லாம் குடை கொடுத்தவன் மழையில் நின்றான். நம்மில் முன்னால் நின்று பேசுகிறவனுக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான். அதைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும்.

தீர்ப்பு ஏட்டில் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சேரவில்லை. 2011, 2012ல் கூடங்குளம் அணு உலை வேண்டாம் என்று இடிந்தகரையில் உட்கார்ந்த மீனவ ஜனங்கள் ஆயிரக்கணக்கானோர் மீது ராஜத்துரோகக் கேஸ். கடற்கரை மணலில் பட்டினி இருந்த தாய்மார்கள் ராஜத்துரோகிகளாம்! 2015ல் சாராயக் கடையை மூடச் சொல்லிப் பாட்டுப் பாடிய கோவன் மீது அதே கேஸ். 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதுச் சட்டத்தில் ராஜத்துரோகம் என்ற பெயர் இல்லை. 152 என்று ஒரு பிரிவு இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, ஒற்றுமைக்கு ஆபத்து என்று எழுதியிருக்கிறார்கள்; ஆயுள் தண்டனை வரை போகும். பழைய கள்ளுக்குப் புது மொந்தையா என்பதைப் போலீஸ் அதை யார் மீது போடுகிறது என்று பார்த்துத்தான் நாம் தீர்மானிக்க வேண்டும்.

இதுவரை சர்க்காரைப் பற்றிச் சொன்னேன். இதெல்லாம் சுலபமான பகுதி. கைதட்டினீர்கள். இனி சொல்லப் போவதற்குக் கைதட்டுவீர்களா என்று தெரியவில்லை.

சில சமயம் குறை சர்க்காரிடம் இல்லை. நாட்டிடமே இருக்கிறது. நம்மிடமே இருக்கிறது. அப்போது என்ன செய்வது?

1908ல் வெள்ளைக்காரனுடைய கைதுக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்தார் பாரதியார். 'இந்தியா' பத்திரிகையை இங்கிருந்து நடத்தினார். பத்து வருஷம் இந்தத் தெருக்களில் நடந்தார். அவரைவிடத் தாய்நாட்டைப் புகழ்ந்தவர் தமிழில் யார்? அவரைவிடத் தன் ஜனங்களைத் திட்டியவரும் யார்? ஜாதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்று திட்டினார். பெண்ணை அடிமையாக வைத்திருக்கிறார்கள் என்று திட்டினார். பயந்தாங்கொள்ளிகள் என்று திட்டினார். வெள்ளைக்காரனைத் திட்டும்போது கைதட்டிய அக்கம்பக்கத்தார், ஜாதியைத் திட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கை புகழ்ந்தது, ஒரு கை அடித்தது; இரண்டும் ஒரே மனிதனின் கை.

1931 ஆகஸ்டில் பம்பாயில் டாக்டர் அம்பேத்கர் காந்தியடிகளைச் சந்தித்தார். தமக்குத் தாய்நாடு என்று ஒன்று இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். நாயைவிடக் கேவலமாக நடத்தப்படும் ஜனங்கள் எந்த நாட்டைத் தங்கள் நாடு என்று சொல்வது என்பது அவர் கேள்வி. இதைவிடக் கடுமையாக ஒருவன் நாட்டைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்கு யாராவது அப்படிச் சொன்னால் விடிவதற்குள் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். ஆனால் அந்த மனிதரிடம்தான் பதினாறு வருஷம் கழித்து அரசியல் சட்டத்தை எழுதும் பொறுப்பு வந்தது. நாடு தனக்குத் தராததை எல்லோருக்கும் எழுதி வைத்தார்.

இங்கே விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் வந்திருக்கிறீர்கள். கீழத் தஞ்சையில் கீழ்வெண்மணி, 1968 டிசம்பர் 25. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டவர்கள், செங்கொடி பிடித்தவர்கள். நாற்பத்து நான்கு பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். எரித்தவன் அந்நியனா? பிரெஞ்சுக்காரனா? கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலப்பிரபுக்கள் ஹைகோர்ட்டில் விடுதலையானார்கள். இதை வெளியே பேசினால் நாட்டின் மானம் போகிறது என்கிறவர்கள் இருக்கிறார்கள். மானம் எரித்த அன்று போயிற்றா, அதைச் சொன்ன அன்று போயிற்றா?

நம் வீட்டுக்கு வருவோம். நம் சங்கத்திலேயே, ஊர்த் தெருக்காரனும் காலனிக்காரனும் ஒரே மிஷினில் வேலை செய்கிறோம். ஒரே கொடியைத் தூக்குகிறோம். ஆறு மணிக்கு மேல்? யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காருகிறோம்? திருவிழா வரி வாங்கும்போது யாரை விட்டுவிடுகிறோம்? மேனேஜரைக் கேள்வி கேட்கத் துணிச்சல் வந்த நமக்கு, சொந்த மாமனைக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. ஏன் யாரும் கைதட்டவில்லை? சரி, போகட்டும்.

நம் கட்சிக்காரர்களும் இந்த விஷயத்தில் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 1962ல் சீன யுத்தம் வந்தபோது கம்யூனிஸ்டுகளைத் தேசத் துரோகிகள் என்று சொல்லி, பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையில்லாமல் சிறையில் அடைத்தார்கள். அந்த வலி நமக்குத் தெரியும். ஆனால் சோவியத் நாட்டில், அங்கே நடப்பது தவறு என்று சொன்ன நல்ல கம்யூனிஸ்டுகளையே துரோகி என்று முத்திரை குத்திச் சுட்டார்களே, அப்போது இங்கே நம்மவர்கள் என்ன செய்தார்கள்? நியாயப்படுத்தினார்கள். 1956ல் குருஷ்சேவே எழுந்து சொன்ன பிறகுதான் பலருக்கு வாய் திறந்தது. துரோகி என்ற வார்த்தையை முதலாளி வீசினால் மட்டும் வலிக்கும், நாம் வீசினால் வலிக்காது என்பது என்ன நியாயம்?

பிரெஞ்சுத் தேசத்திலும் ஒருவன் இருந்தான். ஆன்ரி மார்த்தேன் என்ற கடற்படை வாலிபன். இந்தோசீனத்துக்குச் சண்டைக்கு அனுப்பினார்கள். ஹைபோங் துறைமுகத்தில் தன் நாட்டுக் கப்பல்கள் ஜனங்கள் மீது குண்டு போடுவதைப் பார்த்தான். ஊருக்குத் திரும்பியதும் தூலோன் துறைமுகத்தில் யுத்தம் வேண்டாம் என்று துண்டுப் பிரசுரம் கொடுத்தான். 1950ல் ஐந்து வருஷம் தண்டனை. ஜனங்கள் போட்ட கூச்சலில் 1953ல் விடுதலை. மறு வருஷம் தியன் பியன் பூவில் பிரெஞ்சு ராணுவம் தோற்றது. நம் புதுச்சேரியிலிருந்தும் எத்தனையோ பேர் அந்தப் பட்டாளத்தில் போனார்கள். பென்ஷன் வாங்கிய கிழவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவன் பேச்சை 1950லேயே கேட்டிருந்தால், பிரான்சுக்கு எத்தனை பிள்ளைகள் மிஞ்சியிருப்பார்கள்? நமக்கு எத்தனை பிள்ளைகள் மிஞ்சியிருப்பார்கள்? பிரான்சை நேசித்தவன் அவனா, அவனைச் சிறையில் வைத்த மந்திரியா?

"அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் தேசபக்தியா?" என்று ஒரு வாத்தியார் போன வாரம் டீக்கடையில் என்னை மடக்கினார். இல்லை. திட்டிவிட்டுப் போகிறவன் உண்டு. இந்த நாடே உருப்படாது என்று சொல்லிவிட்டுப் பாஸ்போர்ட்டைத் தேடுகிறவன் உண்டு. நான் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன்: குறை சொன்ன பிறகு அவன் எங்கே நிற்கிறான்? குறை சொல்லிவிட்டு இங்கேயே நின்று அடி வாங்கினால், அவன் இந்த மண்ணுக்காரன். கீழூரில் 1954 அக்டோபர் 18ந் தேதி 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த எட்டுப் பேர் சொன்னது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எட்டு என்று அன்றைக்கு நாணயமாக எண்ணி எழுதினார்களே, அதனால்தான் 170க்கு மதிப்பு. எண்ணாமல் விட்டிருந்தால் அதற்குப் பெயர் ஓட்டு இல்லை. (அந்த 178 பேரைத் தவிர சாதாரண ஜனங்களை யாரும் கேட்கவில்லை என்பதையும் இணைப்புக்காகப் பாடுபட்ட நாமே சொல்லலாம். சொன்னால் இணைப்பு கெட்டுப்போகாது.)

இதே சேதராப்பட்டிலும் கரசூரிலும் சிறப்புப் பொருளாதார மண்டலம் வருகிறது, வேலை வருகிறது என்று சொல்லி நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தை எடுத்தார்கள். நிலம் போயிற்று, மண்டலம் வரவில்லை. பல வருஷம் தரிசாகக் கிடந்தது. அந்த வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டாக்காரனுக்கு ஏதோ பணம் கிடைத்தது. கூலிக்காரிக்கு என்ன கிடைத்தது? இதைக் கேட்டவன் வளர்ச்சிக்கு விரோதி, நாட்டுக்கு விரோதி என்றால், தரிசுதான் தேசபக்தியா? 2020ல் ஏ.எப்.டி. மூடப்பட்டது, சுதேசி, பாரதி மில்களும் மூடப்பட்டன. 1936ல் ரத்தம் சிந்தி உரிமை வாங்கிய ஊரில் அந்தப் பெரிய ஆலைகளின் சங்கு இப்போது ஊதுவதில்லை. ஏன் மூடினாய் என்று கேட்க மற்றொரு நாட்டிலிருந்தா ஆள் வருவான்?

தூறல் போடுகிறது. முடித்துவிடுகிறேன்.

இந்த மேஜைமேல் ஒரு மனு இருக்கிறது. தொழிலாளர் துறைக்குப் போகிறது. கேட்டிருப்பது மூன்றே விஷயம்: காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. அட்டை, எட்டு மணி நேரத்துக்கு மேல் வாங்கும் வேலைக்கு ஓவர்டைம் கூலி, மிஷினுக்குத் தடுப்பு. எல்லாம் ஏற்கெனவே சட்டத்தில் இருப்பவை. புதிதாக நாம் ஒன்றும் கேட்கவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தலைவர் வாசித்துக் காட்டுவார். கைநாட்டுக்கு மை இருக்கிறது. தாய்மார்கள் முதலில் வாருங்கள். மழைக்கு முன்னால் வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் சொன்ன பையன் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான். யார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். பெயர்களை வரிசையாக எழுத வேண்டாம். மேலே முதல் கையெழுத்து யாருடையது என்றுதான் முதலாளி பார்ப்பான். வட்டமாகப் போடுங்கள்.